முருகேசன் அண்ணனின் வெள்ளைத் தாள்

ஓவிய சிகிச்சை படித்து முடித்த புதிதில், எதைப் பார்த்தாலும் எனக்கு அர்த்தம் தெரிந்துவிடும். கிரேயானை அழுத்திப் பிடித்தால் கோபம். களிமண்ணைத் தொடத் தயங்கினால் பயம். (அம்மா தோசையைக் கருக்கிய அன்றுகூட நோட்டை எடுத்தேன். அம்மா கரண்டியை எடுத்தார். நோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.)

ஓவிய சிகிச்சையில், வரைந்த படத்தை மட்டுமல்ல, வண்ணத்தையும் தண்ணீரையும் தூரிகையையும் ஒருவர் கையாளும் விதத்தையும் கவனிக்க வேண்டும். அதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான்தான் கவனிப்பதை விட்டுவிட்டுக் கண்டுபிடிக்கக் கிளம்பினேன்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு மனநல டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். என்னிடம் வந்த முதல் ஆள் மூலக்குளம் முருகேசன் அண்ணன். பெயின்டர். (இந்த ஒரு வார்த்தையை அன்று யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.) கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, கால் குணமான பிறகும் ஏணியைக் கண்டால் அவருக்கு உடம்பு வியர்த்தது. பேச்சும் குறைந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, டாக்டர் என் அறிக்கைக்காகக் காத்திருந்தார்.

பெட்டி நிறைய வண்ணம் இருக்க, அண்ணன் வெள்ளையை மட்டும் எடுத்தார். வெள்ளைத் தாளில் வெள்ளை. ஓரம் விடாமல் பூசிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னண்ணே தோணுது?"

ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது "காயம்" என்று. அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் அதே தாளை விரலால் தேய்த்துப் பார்த்து, மறுபடி வெள்ளை. மறுபடி "காயம்".

மூன்றாம் வாரம், டாக்டர் முன்னால், அண்ணனையும் அவர் மனைவி செல்வியையும் வைத்துக்கொண்டு, கணீரென்று வாசித்தேன்: "உள்ளே பெரும் வெறுமை. ஆறாத காயம். தன்னையே அழித்துக்கொள்ளும் போக்கு. உடனே சேர்க்க வேண்டும்."

செல்வி முந்தானையால் வாயைப் பொத்தி அழுதார். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"ப்ரைமர்ம்மா அது," என்றார் அண்ணன்.

"என்னதுண்ணே?"

"ப்ரைமர். கலருக்கு முன்னாடி அடிக்கிற வெள்ளை. வெறும் தாள்ல கலர் அடிச்சா நிக்குமா? ரெண்டு கோட்டு அடிச்சேன். காயணும், காயணும்னு சொல்லிட்டே இருந்தேன். காயறதுக்குள்ள டைம் ஆயிடுச்சுன்னு அனுப்பிட்டீங்க."

"அய்யே, இத மொதல்லயே சத்தமா சொல்றதுக்கு என்ன?" என்று செல்வி அவரைத் திட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த வாரம் அண்ணன் மஞ்சள் எடுத்தார். எங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய கட்டடங்களுக்கு அடித்திருக்கும் மஞ்சள். தூரிகை போன தடமே தெரியாத அப்படியொரு பூச்சை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் தாளின் உச்சியில் நாலு விரல் அகலம் வெள்ளையாகவே நின்றது. கை அதற்கு மேல் போகவில்லை. நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன்.

"அங்கேர்ந்துதாம்மா விழுந்தேன்."

அதன் பிறகு வாரத்துக்கு அரை விரல், ஒரு விரல் என்று மஞ்சள் மேலே ஏறியது. அவசரமே படவில்லை அந்த மனிதர். பயத்தோடு வேலை செய்ய இப்படியும் ஒரு பக்குவம் உண்டு என்று அவரிடம்தான் பார்த்தேன். மஞ்சள் உச்சியைத் தொட்ட மாதமே சாரத்திலும் ஏறிவிட்டார்.

செல்வி இன்றும் போன் செய்வார். "மேடம், இவரு காலைலேர்ந்து சொவத்தயே பாத்துட்டு உக்காந்திருக்காரு. வெறுமையா, காயுதா?"

"அவரையே கேளுங்கக்கா," என்பேன். இந்த ஒரு பதிலுக்குத்தான் ஐந்து வருடம் படித்திருக்கிறேன்.