ரேஸ் காருக்கு மாட்டுப் பொங்கல்

என் மாமனார் வீட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். கேட்பதற்கு நல்ல குணமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, மலை மேல் இருக்கும் போளூரில் அவர்களுடைய பூண்டுக் கொட்டகைக்குள் நுழைகிறவரை.

கல்யாணமாகி இரண்டு பொங்கல் போன பிறகுதான் நுழைந்தேன். (மாப்பிள்ளையைக் கொட்டகைப் பக்கம் விடுவது மரியாதை இல்லையாம்.) அன்று மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே ஒரு நீளமான தகரத்தின் மேல் பூண்டுக் கட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்துக் கட்டை நகர்த்தினால் கீழே ஒரு ஸ்டீயரிங். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் மட்கார்டு இல்லாத சக்கரங்கள், ஒரே ஒரு ஆள் உட்காரும் குழி, அந்தக் குழியில் அடைகாக்கும் கோழி. பக்கவாட்டில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாக 8 என்று எழுதியிருந்தது.

ரேஸ் கார். அந்தக் காலத்து எஸ்டேட் துரை ஒருவர் மெட்ராஸ் பக்கம் பந்தயங்களில் ஓட்டியது. ஊரைவிட்டுப் போகும்போது என் மாமனாரின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஏன் மாமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல மாப்ளை? ஒராளுதான் உக்கார முடியும். மூட்டை ஏத்தவும் எடமில்ல. அது பாட்டுக்குக் கெடக்கு," என்றார் மாமனார்.

நான் நாயுடுபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். எனக்குக் கோபம் வந்தால் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன். மாமனார், மாமியார், மைத்துனன் செல்வம், என் மனைவி எல்லாரையும் கொட்டகை வாசலில் நிற்க வைத்து நடத்தினேன். "இத வெறும் தகரமா நெனைக்காதீங்க. இதுவும் இந்த வீட்டுல ஒரு உருப்படி. மாட்டை எப்படிப் பாக்குறீங்க, ட்ராக்டரை எப்படிப் பாக்குறீங்க, அப்படிப் பாக்கணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். (என் வாயில்தான் சனி இருந்திருக்கிறது.)

அதன்பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வண்டிக்கே போயின. வத்தலக்குண்டிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். எஞ்சினுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கழுவி, தேய்ந்ததற்குப் பதில் புதிதாகக் கடைந்து மாட்டினோம். அதற்கு ஸ்டார்ட்டர் கிடையாது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். குடும்பமே தள்ளியது. கடைசியில் ஒரு நாள் இருமி, உறுமி, அது உயிர் பிடித்தபோது வந்த நீலப் புகையில் பூண்டு ரசம் மணந்தது. நான் அந்தக் குழிக்குள் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்குக்கு முத்தம் கொடுத்தேன்.

கோயம்புத்தூரில் பழைய வண்டிக் கண்காட்சி நடத்துகிறவர் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவரே போன் செய்தார்.

"என்கிட்ட அந்தக் காலத்து போட்டோ ஒண்ணு இருக்குதுங்க சார். எட்டாம் நம்பர் வண்டி. உங்களுது அதேதான்னு தோணுது. நேர்ல வந்து பாக்கறேன். பெயிண்ட்டை மட்டும் தொட்டுறாதீங்க. கீறல் கூட அப்படியே இருக்கட்டும். அந்த எட்டுதானுங்க அதுக்கு அத்தாட்சி."

அவர் ஒத்துக்கொண்டால் கண்காட்சியில் வண்டிக்கு முன்னால் ஒரு பலகை வைப்பார்கள். வண்டியின் பெயர், அதற்குக் கீழே மீட்டெடுத்தவர் என்று என் பெயர். ஹாஜர் எடுக்கும்போதுகூட என் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை, நான்தான் மற்றவர்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பலகை எனக்கு வேண்டும். வெறியாக வேண்டும்.

பொங்கல் லீவில் வருவதாகச் சொன்னார். மாட்டுப் பொங்கலன்று வெள்ளனே மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நான் அவரை அழைத்துக்கொண்டு பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போளூர் போய்ச் சேர்ந்தேன்.

களத்தில் முந்தின நாள் அலங்காரம் கலையாமல் வரிசையாக நின்றார்கள். முதலில் இரண்டு காளைகள், கொம்பில் நீலமும் சிவப்பும். அடுத்து ட்ராக்டர், நெற்றியில் பட்டை, சந்தனம், குங்குமம். அதற்கு அடுத்து என் ரேஸ் கார். நார் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள். மூக்கு நீலம், சக்கரங்கள் சிவப்பு. வெளியே நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாயில் கொம்புப் பெயிண்ட் அடித்து, நுனியில் பலூன் கட்டியிருந்தார்கள். வெள்ளை வட்டத்துக்குள் 9 என்று இருந்தது.

"எட்டு சனி நம்பரு மச்சான்," என்றான் செல்வம், என்னிடமிருந்து பாராட்டை எதிர்பார்த்து. "வெளியூரு போற வண்டி. கீழ எடது பக்கம் லேசா வெள்ளை வெச்சேன், ஒம்போது ஆயிருச்சு. ரொம்ப சோலி இல்ல."

"யாருடா உன்னை வெக்கச் சொன்னது?"

"கோவப்படாதீங்க மாப்ளை," என்று மாமனார் குறுக்கே வந்தார். "நீங்கதான சொன்னீங்க, மாடு மாதிரி, ட்ராக்டர் மாதிரி பாக்கணும்னு. அதுக ரெண்டுக்கும் வெச்சுட்டு இதுக்கு மட்டும் வெக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

என் பாடமே என் மேல் திரும்பிய ஆத்திரத்தில் செல்வத்தின் பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த தின்னர் பாட்டிலையும் துணியையும் எடுத்தேன். கோயம்புத்தூர்க்காரர் பின்னாலிருந்து, "சார், இருங்க. கீழ பழசு அப்படியேதான் இருக்கும். நம்மாளு ஒருத்தர் வந்து பதமா எடுப்பாரு," என்று சொன்னது காதில் விழுந்தது. ஒரு வாத்தியாருக்கு ஆத்திரத்தில் காதில் விழுவது வேறு, மண்டையில் ஏறுவது வேறு.

துடைத்தேன். செல்வம் வைத்த வெள்ளை துணியோடு வந்தது. மகிழ்ச்சியில் இன்னும் அழுத்தித் துடைத்தேன். எட்டின் கீழ்ச் சுழி வந்தது. அதைக் காப்பாற்றும் அவசரத்தில் துணியைத் திருப்பித் துடைத்தேன், மேல் சுழியும் வந்தது. வட்டமும் வந்தது. கடைசியில் வெறும் அலுமினியம், என் முகம் தெரிகிற அளவுக்கு.

"நல்லா மின்னுதுங்க," என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

மாமியார் போட்ட பொங்கலைச் சாப்பிட்டார். ஒரு பை மலைப்பூண்டு வாங்கிக்கொண்டார். "நம்பர் இல்லாம நான் எப்படிங்க சார் சொல்லறது," என்று என் தோளில் தட்டிவிட்டுக் கிளம்பினார். நான் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். நன்றாகவே அழுதேன். மாப்பிள்ளை இன்னும் கோபம் தணியாமல் நிற்கிறார் என்று நினைத்து யாரும் கிட்டே வரவில்லை.

நம்பரைத் திருத்தியவன் செல்வம். தடுக்காமல் வேடிக்கை பார்த்தவள் என் மனைவி. தின்னரை மூடி வைக்காமல் போட்டிருந்ததும் அந்த வீடுதான். ஆனால் ஊர் முழுக்கப் பேர் எனக்கு. போளூரில் யாராவது உள்ளதையும் கெடுத்தால் "பூண்டு வீட்டு மாப்ளை தொடச்ச மாதிரி" என்கிறார்கள். வண்டி இன்னும் களத்துக்கு வருகிறது, மாட்டுப் பொங்கலுக்குப் பெயிண்ட் வாங்கிக்கொள்கிறது, காளைகளோடு நின்று மரியாதை பெற்றுக்கொள்கிறது. என்னைத்தான் அந்தப் பக்கம் விடுவதில்லை.

போன மாதம் என் மகள் வீட்டுக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். விடை தப்பு. அழித்துக் காட்டலாம் என்று நான் ரப்பரை எடுத்தேன். சமையலறையிலிருந்து மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "வெரசா நோட்டப் புடுங்கிக்கோடி," என்றாள்.

மகள் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கையாலும் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இத்தனைக்கும், அந்தப் பொங்கலுக்கு அவள் பிறந்திருக்கவே இல்லை.