பீரோவும் காத்திருப்புப் பணியும்

என் மைத்துனரின் இரும்புப் பீரோவை இந்த ஜென்மத்தில் தொடுவதில்லை என்று அந்த ஞாயிறு காலையில் சபதம் செய்தேன். அவர் குடிபோகும் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் நடுங்காத விமானி நான்; மூன்று மாடி என்றதும் சோபாவை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஆயினும் கவலையில்லை. அன்று எனக்குக் காத்திருப்புப் பணி. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, எந்த விமானி வராமற்போனாலும் நிறுவனம் என்னை அழைக்கும். அழைத்த ஒரு மணி நேரத்துக்குள் நான் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஐந்தாண்டுகளாக இவ்விதி என்னைப் பாத்திரம் கழுவுவதிலிருந்து காத்து வந்தது. சீருடையும் காலுறையும் அணிந்து, சோபாவில் சாய்ந்து, தேசத்துக்காகக் காத்திருப்பேன். ஆள் தேவைப்படாவிட்டால் நண்பகலிலேயே அழைத்து விடுவித்துவிடுவார்கள். அந்தச் சிறு செய்தியை மட்டும் நான் வீட்டில் சொன்னதில்லை.

"என்னங்க, கெளம்புங்க. அண்ணன் வீட்டுக்குப் போகணும்."

"ஒரு மணி நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணும்மா. ரூல்ஸ்!"

"அண்ணனோட புது வீட்டுலேர்ந்து ஏர்போர்ட் இருபது நிமிஷம். இங்கேர்ந்துதான் அம்பது."

"களைச்சுப்போனா பிளேன் ஓட்டக்கூடாது. அதுவும் ரூல்ஸ்தான்."

"உங்களை யாரு தூக்கச் சொன்னா? சும்மா உக்காந்திருங்க, போதும்."

மனைவியின் கருணை சந்தேகத்துக்குரியது. நான் சந்தேகிக்கவில்லை.

மூன்றாவது மாடிக் கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தேன். கட்டில் வந்தது. மேசை வந்தது. பின்னாலேயே வியர்வை சொட்ட மைத்துனர் வந்தார்.

"மாப்பிள்ளை, உங்க வண்டி தானா மேல போகுது. என் வண்டி கீழயே நிக்குதே!"

"அவரைத் தொந்தரவு பண்ணாதண்ணா, டியூட்டில இருக்காரு" என்றாள் மனைவி. "பீரோவைப் பன்னெண்டேகாலுக்கு ஏத்திக்கலாம். அதுவரைக்கும் லாரியிலேயே கெடக்கட்டும்."

பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

"சார், இன்னைக்கு நீங்க தேவைப்படல. நாளைக் காலை வரைக்கும் ஃப்ரீ."

"சரி சார், ரெடியாவே இருக்கேன்" என்று, மறுமுனை வைத்துவிட்ட பின்னர் உறுதியளித்தேன்.

"என்னவாம்?"

"எந்த நிமிஷமும் கூப்பிடலாமாம். நெலம ரொம்ப மோசம்."

சற்று நேரம் கழித்து அவள் என்னைப் பார்த்தாள். முகத்தையன்று. பின்பு ஜன்னலோரம் சென்று கீழே குரல் கொடுத்தாள்.

"அண்ணா! பீரோவுக்கு ஆள் வராரு!"

"ஏய், என் டியூட்டி..."

"முடிஞ்சிருச்சு. அஞ்சு வருஷமாப் பாக்குறேங்க. இந்தப் பன்னெண்டு மணி போன் வந்தா உடனே சாக்ஸைக் கழட்டிருவீங்க. நெஜமாவே பிளேன் ஏறப்போற அன்னைக்கு மட்டுந்தான் அது கால்ல இருக்கும்."

குனிந்தேன். நாற்காலியின் அடியில் என் காலுறைகள் இரண்டும் அழகாக மடிக்கப்பட்டிருந்தன. எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மாப்பிள்ளை! அடிப்பக்கம் நீங்க புடிங்க!" என்று கீழிருந்து அழைப்பு வந்தது.

ஒரு மணி நேரம் தேவைப்படவில்லை. ஒரே நிமிடத்தில், வெறுங்காலோடு, பணியில் சேர்ந்தேன்.