சுமனுக்கும் அதே சந்தேகம்

பிள்ளை பெற்று, தொழிலாளர் லயத்து வீட்டில் படுத்திருந்த நாகலெட்சுமி, அந்த வெள்ளிக்கிழமை தேயிலைத் தோட்டத்திலேயே அதிகம் கொழுந்து பறித்தவளாகிவிட்டாள். கொழும்புத் தலைமை ஆபிஸிலிருந்து அவளுக்கு வாழ்த்துகூட வந்துவிட்டது. அதே கணக்கின்படி, மழையில் நனைந்து அட்டைக்கடி பட்டுப் பறித்த தனுஷிகாவுக்கு அரைப்பேர். அதாவது பாதிநாள் சம்பளம்.

பெரிய கிளாக்கர் ராமநாதன் வேண்டுமென்று எதையும் செய்துவிடவில்லை. பெயர்களெல்லாம் அகரவரிசையில் நின்றால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று கம்ப்யூட்டரில் எதையோ அமுக்கினார். பெயர்கள் சொன்ன பேச்சுக் கேட்டு வரிசையாகப் போய் நின்றன. அவரவர் பறித்த கிலோக்கள் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள்.

"ஏங்கய்யா, பச்சை ஒடம்புக்காரி படுத்துக்கிட்டே பறிச்சுட்டா. நான் நின்னு பறிச்சும் அரைப்பேரா?" என்று கேட்டாள் தனுஷிகா.

"பொறு புள்ள. ஒரு நிமிசத்துல சரி பண்ணிடுறேன்."

கிலோக்களை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்று நினைத்தார். அழித்தார். கூடவே பெயர்களும் போயின. தாம் தொடுகிற கணக்கைக் கொழும்பிலும் அதே நேரத்தில் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்கு நினைவில்லை. மேசைத் தொலைபேசி அடித்தது.

"மிஸ்டர் ராமநாதன், உங்க தோட்டத்துல திடீர்னு ஆட்களே இல்லையே, எங்க போனாங்க?"

எதிர் மேசையிலிருந்து நிரோஷன் எழுந்து வந்தான். வட்டவளைப் பக்கத்துப் பொடியன். இளைய கிளாக்கராகச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாதவன். குனிந்து இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினான். மறுபடியும் அமுக்கினான். பெயர்கள் வந்தன, கிலோக்கள் வந்தன, நாகலெட்சுமி பிள்ளையோடு லயத்துக்குத் திரும்பினாள், தனுஷிகாவுக்கு முழுப்பேர் கிடைத்தது.

ஜன்னலில் சிரிப்புக் கேட்டது. ராமநாதனுக்குக் காது சுட்டது.

"இது ஒண்ணும் பெரிய விசயம் இல்லீங்க சேர். இப்புடி ஆச்சுன்னா இது ரெண்டையும் சேத்து அமுக்குங்க. வேணும்னா தெனமும் கொஞ்ச நேரம் நான்..."

"தம்பி, நீ பொறக்குறதுக்கு முன்னாடியே செக்ரோல் புத்தகத்துல பேர் போட்டவன் நான். ஒங்கிட்டப் படிக்கிற நெலமை எனக்கு இன்னும் வரல. போய் ஒன் வேலையப் பாரு."

நிரோஷன் போய் உட்கார்ந்தான். ஆபிஸைக் கூட்டித் தேத்தண்ணி போடும் ஜீவராணி, கொண்டுவந்த கோப்பையைச் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனாள்.

கோபம் தணிந்தபோது பயம் வந்தது. புதிதாக வந்திருந்த துரை, அதாவது தோட்ட மேனேஜர், வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவது முதல் உரம் கேட்பது வரை எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டார். முடியாதவர்களை யாரும் விரட்டப் போவதில்லை, ஆனால் பென்சன் வயதுக்குக் காத்திருக்கவும் தேவையில்லை என்று கூட்டத்தில் நயமாகச் சொல்லியிருந்தார். ராமநாதன் குடியிருந்தது கம்பெனி குவாட்டர்ஸ். வேலை போகிற அன்றைக்கு வீடும் போகும்.

மறுவாரம் அவருடைய போனில் ஒரு வட்ஸ்அப் குரூப் தானாக முளைத்திருந்தது. தோட்ட ஆபிஸ் ஊழியர்களுக்கான இலவச வகுப்பு என்று பெயர். ரோசாப்பூப் படம் போட்ட ஒருவர் முதல் செய்தியை எழுதியிருந்தார்.

'வணக்கம். நான் ஷாமிலா டீச்சர். கேள்வி கேட்க யாரும் வெட்கப்பட வேண்டாம். இங்கே ஒருவரையொருவர் தெரியாது.'

அரசாங்கமோ கம்பெனியோ தன் நம்பரைத் தேடிச் சேர்த்திருக்கிறது என்று ராமநாதன் நினைத்துக்கொண்டார். ஆனாலும் கேள்வி கேட்க விரல் வரவில்லை. அழிந்துபோனதைத் திரும்ப எடுக்க அந்தப் பொடியன் எதையெதை அமுக்கினான் என்று கேட்க வேண்டும். பெரிய கிளாக்கர் எப்படிக் கேட்பார்?

கடவுள் மாதிரி ஒருவன் வந்தான். 'டீச்சர், நான் மஸ்கெலியா சுமன். அடிச்சதெல்லாம் அழிஞ்சு போனா எப்படி எடுக்கிறது?'

ஷாமிலா டீச்சர் படம் போட்டு விளக்கினார். ராமநாதன் மேசைக்கடியில் போனை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பழகினார்.

அடுத்த நாள் பெயரையும் கிலோவையும் பிரியாமல் எப்படி அடுக்குவது என்று அவர் தடுமாறிக்கொண்டிருந்தபோது, சுமனுக்கும் அதே சந்தேகம். கூட்டுத்தொகை ஏன் வரவில்லை என்று முழித்தபோது, சுமனுக்கும் வரவில்லை. உலகத்தில் தன்னைப் போல இன்னொரு மக்கும் இருக்கிறான் என்பது ராமநாதனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு இன்னும் நூறு பேராவது அந்தக் குரூப்பில் இருப்பார்கள் என்றும் நம்பினார்.

கொஞ்ச நாளில் அவரே கேட்கத் தொடங்கினார். எந்த நேரம் கேட்டாலும் டீச்சர் உடனே பதில் சொன்னார். வாரக் கடைசியில் ஒரு இணைப்பு வரும். தொட்டால் வினாடி வினா. சரியான விடைக்குப் பச்சைப் பூ மலரும், முடிவில் யார் முதல் என்று காட்டும். ஒவ்வொரு தடவையும் ராமநாதன் முதல், சுமன் இரண்டாவது. மற்ற நூறு பேரும் வெட்கத்தில் இதற்கும் வருவதில்லை போலும்.

வீட்டில் அவர் போனைப் பார்த்துச் சிரிப்பதை மனைவி தனலெட்சுமி கவனித்தாள்.

"யாருங்க அந்த ரோசாப்பூ?"

"டீச்சரு."

"இந்த வயசுல ஒங்களுக்கு என்ன டீச்சரு?"

வகுப்பைக் காட்டினால் நம்புவாள் என்று போனைக் கொடுத்தார். அவள் கண்ணில் முதலில் பட்டது, 'நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் டீச்சர்' என்று அவர் அனுப்பியிருந்த வரி. அன்றைக்கு வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை.

ஆபிஸில் மரியாதை திரும்பிக்கொண்டிருந்தது. மாதக் கணக்கைத் துரை கேட்குமுன் அனுப்பினார். ஒருநாள் சுமன் கேட்ட கேள்விக்கு டீச்சர் வருமுன் இவரே பதில் எழுதினார். 'தம்பி சுமன், பயப்படாதீங்க. எனக்கும் ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. மெதுவாகப் படிக்கலாம்.' அனுப்பிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாயால் யாரையும் இவ்வளவு அன்பாகத் தம்பி என்று கூப்பிட்டு எத்தனையோ வருசம் ஆகியிருந்தது.

ஒரே எரிச்சல், எதிர் மேசைதான். இவர் இங்கே கஷ்டப்பட்டுப் படித்துக்கொண்டிருக்கும்போது நிரோஷன் குனிந்து போனைத் தட்டிக்கொண்டிருப்பான். போனை வைத்தால் எழுந்து ஜீவராணியின் தேத்தண்ணி அறைக்குப் போவான். வருவான், மறுபடி போன்.

"தம்பி, சம்பளம் வாங்குறது போன் நோண்டவா?"

"ஒரு அவசரம் சேர். இந்தா முடிஞ்சிரிச்சு."

"ஒனக்கு எப்பவும் அவசரந்தான்."

அந்தச் சமயத்தில்தான் துரை அவரைக் கூப்பிட்டார்.

"நிரோஷனை நிரந்தரமாக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

"வேலை தெரியும் சேர். ஆனா..." ராமநாதன் இழுத்தார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். "எந்த நேரமும் போனும் தேத்தண்ணியுந்தான். வேற நெனப்பே இல்ல."

"சும்மா சொன்னா கொழும்புல எடுக்க மாட்டாங்க. விபரமா ஒண்ணு செஞ்சு குடுங்க. நீங்கதான் இப்ப கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரர் ஆச்சே."

கெட்டிக்காரர் என்ற சொல் ராமநாதனை மேசை வரைக்கும் மிதக்க வைத்துக் கொண்டுபோய்விட்டது. ஒரு வாரம் முழுக்கக் கவனித்தார். நிரோஷன் போனைத் தொட்டதெல்லாம் ஒரு பத்தியில், தேத்தண்ணிக்கு எழுந்ததெல்லாம் இன்னொரு பத்தியில். இதைத் தூண் தூணாகப் படமாக்கினால் துரை அசந்துபோவார். எப்படி என்றுதான் தெரியவில்லை. அட்டவணையைப் படம் பிடித்து ஷாமிலா டீச்சருக்கே அனுப்பினார்.

எதிர் மேசையில் நிரோஷன் போனை எடுத்தான். இன்னும் ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்று ராமநாதன் குறித்துக்கொண்டார்.

டீச்சரின் பதில் அன்றைக்கு மட்டும் தாமதித்தது. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

'இது யாருடைய விபரம் சேர்?'

'எங்கள் ஆபிஸில் ஒரு பொடியன். வேலைக்கு வந்து சும்மா காலத்தைக் கழிக்கிறான். துரைக்குக் காட்ட வேண்டும்.'

மறுபடி எழுதுகிறார், நின்றது. நிரோஷன் எழுந்து தேத்தண்ணி அறைப் பக்கம் போனான். வாசலில் கொஞ்ச நேரம் நின்று வெளியே மழையைப் பார்த்தான். உள்ளே போகாமலே திரும்பி வந்து உட்கார்ந்தான்.

பிறகு பதில் வந்தது. முதலில் இரண்டு பத்திகளையும் தெரிவுசெய்யுங்கள் என்று தொடங்கி, ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல். ஒரு இடத்தில் ராமநாதன் தவறவிட்டார். டீச்சர் திரும்பவும் சொன்னார். தூண்கள் எழுந்து நின்றன. போனுக்குச் சிவப்பு, தேத்தண்ணிக்குப் பச்சை.

'நன்றாக வந்திருக்கு சேர். இனி உங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.'

அன்றைக்குச் சுமன் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் நிரோஷனுக்கு வேலை நீடிக்கப்படவில்லை. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகக் கேள்வி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் விடைபெற வந்தபோது, ராமநாதன் கொழுந்துக் கணக்கைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாறேன் சேர்."

"ம்."

"தொரை அந்தப் படத்தைக் காட்டினாரு. ரொம்பச் சுத்தமா செஞ்சிருந்தீங்க."

குத்திப் பேசுகிறான் என்று ராமநாதன் நினைத்தார். நிமிர்ந்து பார்த்தால் அவன் முகத்தில் குத்தல் இல்லை. அவன் படியிறங்கி, றொசல்லப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு ஓடினான்.

எதிர் மேசை காலியானதும் ஆபிஸ் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. எரிச்சல்பட ஆள் இல்லாமல் ராமநாதனுக்கு வேலையே ஓடவில்லை. ஒரு பொடியனுடைய பிழைப்பில் கை வைத்திருக்க வேண்டாமோ என்று ஒரு மூலையில் உறுத்தியது. துரையிடம் போய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று இரண்டு தடவை எழுந்தார், உட்கார்ந்தார்.

இந்த உறுத்தலை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. டீச்சரிடம் தனியாகச் சொல்லலாம். 'டீச்சர், நான் ஒரு தவறு செய்துவிட்டேனோ என்று நினைக்கிறேன்' என்று எழுதினார். ஒற்றைச் சரிக் குறி விழுந்ததோடு சரி. மறுநாளும் ஒற்றைதான். போய்ச் சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். டீச்சர்தான் சொல்லித் தந்திருந்தார்.

'தம்பி சுமன், டீச்சருக்கு என்ன ஆச்சு? நீங்கள் நலமா?' என்று சுமனிடமும் தனியாகக் கேட்டார். இரட்டைக் குறி விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவன் பார்க்கவில்லை. பாவம், பிள்ளைக்கு என்ன கஷ்டமோ. அவன் ஆபிஸிலும் ஏதாவது கிழவன் இருந்து வேலையைக் கெடுத்திருப்பானோ? அந்த நினைப்பு வந்ததும் ராமநாதனுக்கு இருக்க முடியவில்லை. முதல் தடவையாகச் சுமனுடைய நம்பரை அழைத்தார்.

தேத்தண்ணி அறைக்குள் ஒரு போன் அடித்தது.

அவர் நிறுத்தினார். அதுவும் நின்றது. மறுபடி அழைத்தார். மறுபடி அடித்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தன் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஜீவராணி வாசலுக்கு வந்தாள்.

"நீங்களா அடிக்கிறீங்க ஐயா? தம்பி போனதுலேருந்து இது டொங்கு டொங்குன்னு ஏதோ வந்துக்கிட்டே கெடக்கு. எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாதுங்க."

"இது... இது மஸ்கெலியா சுமனோட நம்பர். ஒங்கிட்ட எப்புடி?"

ஜீவராணி காலி மேசையை ஒரு தடவை பார்த்தாள்.

"சொல்லக் கூடாதுன்னு தம்பி சத்தியம் வாங்கிச்சுங்க, என் போன்ல சுமனா எழுதினதும் நிரோஷன் தம்பிதான், ரோசாப்பூ டீச்சரும் அதுதான், அந்த வகுப்புல படிச்ச ஆளு நீங்க ஒருத்தருதாங்கய்யா."