இரண்டாம் பாகத்துக்காகக் கழற்றிய திருகு

பேரன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கு நானும் உன் தம்பி மனைவியும் நலம். வாஷிங் மெஷினும் இப்போது நலம். அங்கு உன் சுகத்தையும் அத்தானுடைய முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவல்.

போன வாரம் அவள் உனக்கு போன் செய்து, "அண்ணி, உங்க தம்பிக்கு என்னமோ ஆயிடுச்சு, நல்லா ஓடுற மெஷின்ல திருகைக் கழட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று அழுதாளாம். கழற்றியது உண்மைதான். காரணத்தை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நீ நம்பியிருக்க மாட்டாய். முப்பத்து நான்கு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். கடை கடையாக ஏறி, தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கையால் தடவியே கண்டுபிடித்தவன். கதைப் புத்தகம் என்று ஒன்றைத் தொட்டதில்லை. சின்ன வயதில் நீ கதை சொன்னால்கூட "அந்த ராட்சசன் எத்தனை அடி உயரம்?" என்று கேட்டு உன்னிடம் குட்டு வாங்கியவன்தானே.

நடந்தது இதுதான். துணி பிழியாமல் நின்றுபோன மெஷினைச் சரிசெய்ய வந்த மெக்கானிக், வேலை முடிந்ததும் கருவிப் பையை மறந்துவிட்டுப் போய்விட்டார். ஸ்பேனருக்கு அடியில் தலையணை பருமனில் ஒரு புத்தகம். அட்டையில் வாளோடு ஒரு பெண். எண்ணிப் பார்த்தேன், வலது கையில் ஆறு விரல். எழுதியவர் ஏதோ புனைபெயர். பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆசிரியர் சொந்தமாக வெளியிட்டது' என்று இருந்தது. முத்திரை இல்லாத எடைக்கல்லைக் கண்டது போல எனக்குக் கை பரபரத்தது. குற்றம் கண்டுபிடிக்கத்தான் திறந்தேன் அக்கா, சத்தியமாக. முதல் பக்கத்திலேயே இரண்டு எழுத்துப்பிழை. பென்சிலோடு உட்கார்ந்தேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு நகரம் வந்தது. கடல் நடுவே தூங்கும் ஒரு மிருகத்தின் முதுகில் கட்டிய நகரம். அது விழித்துவிடக் கூடாது என்று தெருவெல்லாம் கம்பளி விரித்திருக்கிறார்கள், கொல்லன் சுத்தியலுக்குத் துணி சுற்றியிருக்கிறான், குழந்தைக்குச் சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொடுக்கிறார்கள். சாகிற நேரத்தில் மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாக்கியம் உரக்கப் பேச அனுமதி. அந்த ஒரு வாக்கியத்தை ஆயுள் முழுக்க யோசித்து வைத்திருக்கிறார்கள். அங்கே என் பென்சில் கீழே விழுந்தது. விழுந்த சத்தத்துக்கு நானே திடுக்கிட்டு "உஷ்" என்றேன்.

அதற்கப்புறம் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தது, காய்கறிப் பையோடு வந்த அவள் வாசலில் இருபது நிமிஷம் பெல் அடித்தது, கடைசியில் கதவைத் திறந்த நான் "மெதுவா கால வச்சு வா, முழிச்சுக்கப் போகுது" என்று கிசுகிசுத்தது, அவள் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது எல்லாம் உனக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். அவள் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சாயங்காலம் மெக்கானிக் பையைத் தேடி வந்தார்.

"சார், இதுல ஒரு புக்கு இருந்துதே?"

"புக்கா? எந்த புக்கு?" என்றேன்.

புத்தகம் நான் உட்கார்ந்திருந்த மெத்தைக்கு அடியில் இருந்தது. கால் கிராம் குறைந்தாலும் விடாத நான், ஐந்நூற்று நாற்பது பக்கத்தை அப்படியே அமுக்கிவிட்டேன். அவர் முகம் வாடியது, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாளில் முடித்தேன். தையல் நூல் விற்கும் ஒரு பெண் மிருகத்தின் கண்ணிமை மேல் நிற்கிறாள். இமை அசைகிறது. முதல் பாகம் முற்றும்! எந்த மனுஷனாவது இப்படி ஒரு இடத்தில் நிறுத்துவானா? நாலு புத்தகக் கடை ஏறி இறங்கினேன். "அப்படி ஒரு எழுத்தாளரே கிடையாது சார்" என்று அனுப்பிவிட்டார்கள். இனி கேட்க மெக்கானிக் ஒருவர்தான் உண்டு. பார்க்கவே இல்லை என்று சாதித்த புத்தகத்துக்கு இரண்டாம் பாகம் கேட்பது எப்படி? முதலில் தண்ணீர்க் குழாயைத் தளர்த்திவிட்டு அவரை அழைத்தேன். வந்தார், சரிசெய்தார். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன், அவரும் பேசினார், போய்விட்டார். அடுத்த முறை அவசரத்தில் மெஷின் கெட்டுவிட்டதாக போன் செய்த பிறகுதான் அதைக் கெடுக்கவே ஆரம்பித்தேன். கையில் திருகோடு நிமிர்ந்தால் வாசலில் அவள். அவள் பின்னால் அவர்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

புத்தகத்தை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். "மன்னிச்சுக்குங்க. நான்தான் ஒளிச்சு வச்சேன். ரெண்டாம் பாகம் எங்க கிடைக்கும்?"

அவர் மெஷினில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கடைசி வரைக்கும் படிச்சீங்களா சார்?"

"ரெண்டு தடவ."

"அது நான் எழுதினது."

அவர் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் கிரீஸ். என் வீட்டு அழுக்குத் தண்ணீரை அள்ளிக் கொட்டிய அதே கைதான் அந்தக் கடலையும் உண்டாக்கியிருக்கிறது. எத்தனையோ பெரிய மனிதர்கள் முன்னால் நின்றிருக்கிறேன் அக்கா, தரையில் உட்கார்ந்தது இவர் முன்னால்தான்.

"அப்ப ரெண்டாம் பாகம்?"

"பாதியில நிறுத்திட்டேன் சார்."

"ஏன்?"

"யாரும் கேக்கல."

"நான் கேக்கறேன்யா" என்றேன். அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருகை என்னிடமிருந்து வாங்கி மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

போனேன். டயர் கடைக்கு மேல் ஒரு அறை, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு பஸ் கண்டக்டர், ஒரு நர்ஸ், பளிங்குக் கல் அறுப்பவர், இப்படி ஆறு பேர். எல்லோரும் சொந்தமாகவே எழுதி, சொந்தமாகவே அச்சடித்து, ஒருவரை ஒருவர் படித்துக்கொள்கிறவர்கள். நர்ஸம்மா பூமிக்கு அடியில் ஒரு ராஜ்யம் வைத்திருக்கிறார், ஒன்பது பாகம். அவர் வாசித்ததில் ராஜாவின் கிரீடம் நாற்பது கிலோ என்று வர, எனக்குப் பொறுக்கவில்லை. "கழுத்து ஒடிஞ்சிடுமேம்மா" என்றேன். "அவருக்கு ரெண்டு கழுத்து சார்" என்றார் சாவதானமாக. மனசுக்குள் அந்தக் கிரீடத்துக்கு முத்திரை குத்திவிட்டேன். அந்தக் கண்டக்டரிடம் எத்தனை வருஷம் டிக்கெட் வாங்கியிருக்கிறேன்! அவர் தலைக்குள் மூன்று நிலாக்கள் உதிப்பது தெரியாமல், மீதிச் சில்லறைக்கு அவரோடு சண்டை வேறு போட்டிருக்கிறேன். பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இதில் யாருக்குள் என்ன இருக்கிறதோ என்று நினைக்கவே உடம்பு சிலிர்த்தது.

ஆகவே அக்கா, நீ உடனே அவளுக்கு போன் செய்து, உன் தம்பிக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, கதை கிதை என்று அலைவது இந்த வயதில் யாருக்கும் வரும் சாதாரண ஜலதோஷம் மாதிரிதான் என்று எடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பாள். பத்து நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் ஆசியை எனக்கும், என் வணக்கத்தை அத்தானுக்கும், என் அனுதாபத்தை அவர் முழங்காலுக்கும் சேர்த்துவிடு.

அன்புத் தம்பி

பி.கு.: போன் செய்ய வேண்டாம். மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்லவும் வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் மெக்கானிக் வந்து இரண்டாம் பாகத்தின் புது அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் முதல் முறையாகப் பொய் சொல்லிவிட்ட ஒரு தராசு அதிகாரி வருகிறான், மூக்குக்கண்ணாடி உட்பட அசல் நான்தான். நாலாம் பக்கத்தில் மிருகம் என்னை விழுங்கிவிடுகிறது. எனக்கு முன்னால் அவள் படித்துவிட்டாள். இப்போது கூடத்தில் நின்று, "அவரு உயிரோட வெளிய வருவாரா மாட்டாரா, அத மட்டும் சொல்லுங்க" என்று போனில் மெக்கானிக்கை அதட்டிக்கொண்டிருக்கிறாள். குரல் தழுதழுக்கிறது. நான் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.