ரிஜெட்டு அக்காவும் என் ஒரிஜினல் சர்டிபிகேட்டும்

இந்த உலகத்தில் விரிசல் இல்லாத பொருளே கிடையாது என்பது ரிஜெட்டு அக்காவின் கட்சி. அதை நிரூபிக்க அவருக்கு ஒரு விரல் போதும்.

விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பீங்கான் கம்பெனியில் சரக்குப் பார்ப்பது அக்காவின் வேலை. சூளையிலிருந்து இறங்குவது ஃபியூஸ் கட்டையோ, பொம்மையோ, ஜாடியோ, எதுவானாலும் ஆள்காட்டி விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவார். ‘டங்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல். "ரிஜெட்டு" என்று ஓரமாகத் தள்ளிவிடுவார். நாளெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி, அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் மிச்சம்.

பிரச்சினை என்னவென்றால், சங்கு ஊதி கம்பெனி விட்ட பிறகும் அந்த விரலுக்கு லீவு கிடையாது. பூசணிக்காய், தண்ணீர் டிரம், பக்கத்து வீட்டின் புதுக்கதவு என்று எதையும் விடமாட்டார். பல் டாக்டர் சின்னக் கம்பியால் அவர் பல்லைத் தட்டியபோது, "அப்பிடி இல்ல சார், விரலை மடக்கித் தட்டணும்" என்று டாக்டருக்கே பாடம் எடுத்தவர். அவர் வீட்டுக்காரர் சொல்வார்: "என்னைய மட்டும் தட்டிப் பாக்காம கட்டிக்கிட்டா. அந்தக் கடுப்புலதான் ஊரையே தட்டிக்கிட்டு இருக்குறா."

நான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பா சூளையில் சரக்கு அடுக்குகிறவர், கைநாட்டு. நான் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். இதை நான் ஒருநாளும் அடக்கமாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. ஆனால் படிப்பு முடிந்து எட்டு மாதமாக பெங்களூர் கம்பெனிகள் எனக்கு அனுப்பிய மெயில்களில் எல்லாம் அக்காவின் வார்த்தைதான் நாகரிகமான இங்கிலீஷில் இருந்தது.

பிறகு பெங்களூரிலிருந்து ஒரு போன் வந்தது. நாலு நிமிஷ இன்டர்வியூ. "ஜாவா தெரியுமா?" "தெரியும் சார்." "செலக்டட். ஒரிஜினல் சர்டிபிகேட்டோட நேர்ல வாங்க." அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அப்பா அந்த டிகிரி சர்டிபிகேட்டை எடுத்து, படிக்கத் தெரியாததால், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

துணைக்கு யார் போவது? தெருவில் பெங்களூர் போயிருந்த ஒரே ஆள் ரிஜெட்டு அக்கா. பொம்மைக் கண்காட்சியில் கடை போட மூன்று நாள் போயிருந்தார். "பெங்களூரு எனக்கு அத்துப்படி புள்ள" என்றார். கண்காட்சி மைதானத்தைத் தாண்டி அவர் எதையும் பார்த்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆத்தூரில் பஸ் நின்றதும் அக்கா இறங்கிப் போய், ஏறும்போது சும்மா இருக்காமல் பஸ்ஸின் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். டிரைவர் அதை ரைட் என்று எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். டீ கிளாஸோடு ஓடிவந்து ஏறிய கண்டக்டர், "யம்மா, நீ கண்டக்டரா, நான் கண்டக்டரா?" என்றார்.

"தகரம் ரிஜெட்டு தம்பி. டெப்போவுல சொல்லி வையி."

சேலத்தில் பஸ் மாறி பெங்களூர் வந்து சேரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் ஆள் உயரத்துக்குப் பெரிய பூ ஜாடி. என்னைப் போலவே ஃபைலோடு ஒரு சேலத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் போன் நம்பர் வாங்கிக்கொண்டு நிமிர்வதற்குள் அக்கா ஜாடியைத் தட்டிவிட்டார். டொக். "ரிஜெட்டு" என்றார், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி.

ரிசப்ஷன் பெண் என்னைப் பார்த்தாள். "இவங்க உங்க ரிலேஷனா?"

"இல்ல. பஸ்ல கூட வந்தவங்க" என்றேன்.

அக்காவுக்குக் கேட்டது. அடுத்த பொருளைத் தட்டப் போய்விட்டார்.

மேனேஜர் நல்ல தமிழில் பேசினார். ஒரிஜினல் எல்லாம் ரெண்டு வருஷம் அவர்களிடம் இருக்கும், அதுதான் ரூல் என்றார். நான் ஃபைலைத் திறந்தேன். மேசைமேல் டிகிரியை எடுத்து வைக்கும்போது பின்னாலிருந்து சத்தம் கேட்டது. டொக். டொக். டொக். வரிசையாக இருந்த கம்ப்யூட்டர் பெட்டிகளை அக்கா தட்டிக்கொண்டே வந்தார்.

"அம்மா, அதெல்லாம் தொடக்கூடாது. உள்ள டேட்டா இருக்குது" என்றார் மேனேஜர்.

"உள்ள காத்துதான் இருக்குது சார்" என்று அக்கா ஒரு பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கினார். காலி முறம் மாதிரி எழும்பியது. பக்கத்தில் டை கட்டிய ஒருவர் மும்முரமாக டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னா சார் பண்றீங்க?"

"டைப் அடிக்கிறேங்க."

"எதுல?"

அவர் அப்போதுதான் முதல்முறையாக ஸ்கிரீனைப் பார்த்த மாதிரி இருந்தது. இருட்டாக இருந்தது. "அடிக்கச் சொன்னாங்க, அடிக்கிறேன்" என்றார்.

"புது ஆபீஸ். மெஷின் அடுத்த வாரம் வருது" என்றார் மேனேஜர். இதில் எனக்கு வெட்கமான விஷயம், நான் அதை நம்பினேன். எட்டு மாதம் காத்திருந்தவளுக்கு காலிப் பெட்டியும் கம்ப்யூட்டராகத்தான் தெரியும். சர்டிபிகேட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அக்கா அதைப் பிடுங்கி, ஃபைலில் செருகி, ஃபைலைத் தரையில் போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிக்கா. மானத்த வாங்காத."

"மாட்டேன்."

"அது என் சர்டிபிகேட்டு."

"உங்கொப்பன் அடுக்குன சூளையத்தனையும் இந்தக் காயிதம்தான் புள்ள. இந்தக் காலிப் பொட்டிக்காரன்கிட்ட குடுப்பியா நீ?"

செக்யூரிட்டி தடியோடு வந்தார். அக்கா உட்கார்ந்தபடியே அந்தத் தடியைத் தட்டிப் பார்த்தார். "இது பாஸு" என்றார். அந்த ஆபீஸில் பாஸான ஒரே சரக்கு அதுதான். செக்யூரிட்டிக்கு முகமே மலர்ந்துவிட்டது. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கி எழுந்த அக்காவையும் என்னையும் லிஃப்ட் வரை மரியாதையாகக் கொண்டுவந்து விட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அக்காவுக்கு ரெண்டு சீட் தள்ளி உட்கார்ந்து வந்தேன். என் வேலையைக் கெடுத்தவர் என்று வீட்டில் அழுதேன்.

பத்து நாள் கழித்து அந்தச் சேலத்துப் பெண் போன் செய்தாள். கண்ணாடிக் கதவில் பூட்டு, போன் நம்பர் உபயோகத்தில் இல்லை, அவளுடைய ஒரிஜினல் போன இடம் தெரியவில்லை. டூப்ளிகேட்டுக்கு அலைந்துகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். ‘அப்பவே சொன்னேன்ல’ என்பார் என்று தலைகுனிந்து நின்றேன்.

"அந்தப் புள்ளையோட ஃபைலையும் சேத்து உக்காந்திருக்கணும். இடம் இருந்துச்சு" என்றார்.

ஐந்து மாதம் கழித்து அதே பெங்களூரில் நிஜமான கம்பெனியில் நிஜமான வேலை கிடைத்தது. சர்டிபிகேட்டைச் சரிபார்த்து அங்கேயே திருப்பிக் கொடுத்தார்கள். சரிபார்த்த அம்மாள் தமிழ்க்காரர். டிகிரியின் நடுவில் விழுந்திருந்த பெரிய மடிப்பைத் தடவிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டார்.

"எங்க அக்கா இது மேல உக்காந்துட்டாங்க" என்றேன்.

"அடடா. லேமினேட் பண்ணிடுங்க. மடிப்பு தெரியாது."

"தெரியட்டுங்க" என்றேன்.