நாற்பத்தைந்து நாள் கல்

குபாவோவில் அந்தச் சனிக்கிழமை ஜீப்னி வண்டி ஏறியவர்களில் பாதிப் பேர் மயெஸ்ட்ரோ தியோ என்ற குருவின் கூட்டத்துக்குத்தான் போனார்கள். மீதிப் பேரும் அங்கே போக வேண்டியவர்களே. இறங்கும் இடத்தைக் கோட்டைவிட்டு நாலு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டார்கள்.

கடைத்தொகுதியின் மூன்றாம் மாடி மண்டபத்தில் ஆள் உயரப் பதாகை தொங்கியது. "கவனக் கல்! நாற்பத்தைந்தே நாளில் சிதறிய மனம் சீராகும்! மாத்திரை வேண்டாம், மருத்துவர் வேண்டாம், மன உறுதி ஒன்றே போதும்!" அந்த ஒன்று இருந்தால் நாங்கள் ஏன் ஐந்நூறு பெசோ கொடுத்து உள்ளே வருகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நினைத்தவர்களும் வேறு எதையோ யோசிக்கப் போய்விட்டார்கள்.

வந்திருந்தவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் சொல்லிவிட்டவர்கள் பாதி; சொல்லிவிடுவாரோ என்று டாக்டர் பக்கமே போகாதவர்கள் பாதி. கவனம் ஓரிடத்தில் நிற்காது. தப்பித் தவறி நின்றுவிட்டால் அங்கிருந்து நகராது. ஒருவர் கார் சாவியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வாடகைக் காரில் வந்திருந்தார். ஒரு டீச்சர் இரண்டு கண்ணாடி போட்டிருந்தாள், ஒன்று மூக்கில், ஒன்று தலையில். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு இவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். மயெஸ்ட்ரோ பதினொன்றுக்கு வந்தார். ஆசாமி தொழில் தெரிந்தவர்.

டிசம்பரில் மாதா கோயிலின் ஒன்பது விடியற்காலைப் பூசைக்கும் ஒன்று விடாமல் போனால் வேண்டியது நடக்கும் என்று அந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். மயெஸ்ட்ரோ ஒன்பதை நாற்பத்தைந்தாக்கினார். பூசைக்குக் கட்டணம் கிடையாது, இவருக்கு உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம். பனஹாவ் மலையில் கன்னி ஊற்றடியில் எடுத்ததாகச் சொல்லி ஒரு சாம்பல் நிறக் கூழாங்கல் தருவார். காலை ஐந்தேமுக்காலுக்கு அதை இடது கையில் பிடித்து ஏழு மூச்சு விட வேண்டும். நாற்பத்தைந்து நாள். ஒரு நாள் தவறினாலும் கல் தூங்கிவிடும். தூங்கிய கல்லை எழுப்ப இரண்டாயிரத்து ஐந்நூறு பெசோ.

தவறியது எப்படித் தெரியும்? மேடையில் உட்கார்ந்து, கல்லுக்கு மேலே சங்கிலியில் ஒரு பித்தளைக் குண்டைத் தொங்கவிடுவார். குண்டு வலது பக்கம் சுற்றினால் நல்ல நாள், இடது பக்கம் சுற்றினால் விட்ட நாள்.

முன்வரிசையில் இருந்த ரொவீனாவுக்கு அந்தக் குண்டு நன்றாகவே தெரியும். முப்பத்தாறு வயது, கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். கொத்தனார் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு அது. கடையில் நூற்றைம்பது பெசோ. ஆனாலும் மயெஸ்ட்ரோ கையில் இருப்பது அந்தச் சாதியில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நம்ப வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டால் கண் என்ன செய்யும், பாவம்.

அவளுக்கு இது இரண்டாவது சுற்றின் முடிவு. முதல் சுற்றில் பதினோராம் நாள் விட்டுவிட்டதாகக் குண்டு சொன்னது. இப்போது சுற்றிச் சுற்றி நின்றது.

"ஆறாம் நாள். அப்புறம் முப்பதாம் நாள்" என்றார் மயெஸ்ட்ரோ, பிள்ளையைப் பறிகொடுத்தவர் குரலில். "என்னம்மா இது, உனக்காகக் கல்லு எவ்வளவு தவிச்சிருக்கும்?"

"மன்னிச்சிடுங்க மயெஸ்ட்ரோ. விட்டிருப்பேன். என் புத்தி அப்படித்தான்."

"ஒத்துக்கிட்டியே, அதுவே பாதிக் குணம்!"

கூட்டம் கைதட்டியது. ரொவீனா அழுதுகொண்டே இரண்டாயிரத்து ஐந்நூறைக் கட்டினாள்.

வீட்டில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடியது. அவளோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தவள் பெர்லித்தா. நாலு வயது மூத்தவள் என்பதால் ரொவீனாவுக்கு அவள் ஆத்தே, அதாவது அக்கா. நவோத்தாஸில் மத்தி மீன் டப்பா அடைக்கும் ஆலையில் தரம் பார்ப்பவள். ஆயிரம் டப்பாவுக்கு ஒன்றைத் திறந்து மூக்கை நுழைத்துப் பார்ப்பது அவள் உத்தியோகம்.

"ஆத்தே, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஆறாம் நாளும் முப்பதாம் நாளும் விட்டுட்டேனாம்."

"விட்டியா?"

"குண்டு சொல்லுது."

"குண்டு சொல்றது கிடக்கட்டும்டி. நீ என்ன சொல்றே?"

"என் ஞாபகத்தை எப்படி நம்பறது? நேத்து அரிசி போடாம வெறும் தண்ணியை அரை மணி நேரம் வேகவெச்சவ நான்."

"அதுவும் சரிதான். தண்ணி பதமா வெந்திருந்துச்சு" என்றாள் பெர்லித்தா. பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "மாத்திரையையும் விட்டுட்டே இல்ல?"

"மாத்திரை போட்டா கல்லு வேலை செய்யாதாம்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

ரொவீனா எழுந்து போய்க் கல்லைக் கழுவினாள்.

"ஏண்டி, உன் மயெஸ்ட்ரோ மறதிக்கு மருந்து தர்றான். ஒரு நாள்கூட மறக்காம இருந்தாத்தான் மருந்து வேலை செய்யும்ங்கறான். கால் ஒடைஞ்சவன்கிட்ட, ஊன்றுகோலை மலை உச்சியில வெச்சிருக்கேன், நடந்து போய் எடுத்துக்கோன்னு சொன்னா கேப்பியா?"

ரொவீனாவுக்குக் கோபம் வந்தது. அந்த மண்டபத்தைப் பற்றி ஆத்தேவுக்கு என்ன தெரியும்? பள்ளியில் சோம்பேறி, வீட்டில் பொறுப்பில்லாதவள், அலுவலகத்தில் அரைகுறை என்று முப்பத்தாறு வருடம் பேர் வாங்கியவளைப் பார்த்து, "எனக்கும் இப்படித்தான்" என்று முதன்முதலில் ஒருத்தி சிரித்தது அங்கேதான். அதை விட்டுவர மனம் வரவில்லை.

ஆனால் அலுவலகம் அவள் மனம் வரும்வரை காத்திருக்காது. மாத்திரையை விட்ட மூன்றாம் மாதம், ஒரு பள்ளிக்கூட வரைபடத்தில் இரண்டாம் மாடிப் படிக்கட்டைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டவிட்டிருந்தாள்.

"படி ஏறிப் போற பிள்ளைங்க அங்க நின்னு என்ன பண்ணும், ஜெபமா?" என்று கேட்டார் முதலாளி ஆர்கிடெக்ட் சலோங்கா. நல்ல மனிதர். அதனால் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ரொவீ, இது மூணாவது. பள்ளிக்கூடத்தை ஜூலை கடைசிக்குள்ள முழுசா முடிச்சுக் கொடு. இல்லேன்னா அந்த நாற்காலியில வேற ஆளு உக்காரும்."

ஒரு வேலையையாவது முடிப்பவள் என்ற பேரோடு பிழைப்பும் சேர்ந்து தொங்கியது. அதனால் என்ன செய்தாள்? இன்னும் இறுக்கமாகக் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

பெர்லித்தா சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். "சரி, இந்தச் சுத்துல நான் உன்கூட உக்காருறேன். தினமும் ஒரு போட்டோ. உன் முகம், கல்லு, சுவர்க்கடிகாரம். உனக்கு ஞாபகம் வேண்டாம், போன் வெச்சுக்கும்" என்றாள்.

தினமும் விடியலில் இருவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஏழு மூச்சு முடிந்ததும் பெர்லித்தா, "அப்படியே உன் வரைபடத்தை எடு, நான் பூண்டு உரிக்கிறேன்" என்பாள். பேச மாட்டாள், மேற்பார்வை பார்க்க மாட்டாள், உரிப்பாள். எதிரே ஓர் ஆள் இருந்ததால் ரொவீனாவால் எழுந்து ஓட முடியவில்லை. ஒரு நாளைக்கு ஓர் அறை, அதற்கு மேல் இல்லை என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அறைகள் மெல்ல மெல்ல முடிந்தன. எல்லாம் கல்லின் மகிமை என்று நினைத்துக்கொண்டாள். பூண்டு உரித்தவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

நாற்பத்தைந்தும் முடிந்த சனிக்கிழமை பெர்லித்தாவும் கூடவே வந்தாள். மண்டப வாசலில் கல் விற்கும் மேசை இருந்தது. அங்கே சற்று நின்றுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

ரொவீனா கல்லை மேடையில் வைத்தாள். இந்த முறை தேறிவிட்டால் ஜூலைக்குள் பள்ளிக்கூடத்தையும் முடித்துவிடுவாள், நாற்காலி தப்பும். குண்டு வலது பக்கம் சுற்றியது, தயங்கியது, இடது பக்கம் திரும்பியது.

"பதினேழாம் நாள்" என்றார் மயெஸ்ட்ரோ. "அப்புறம் இருபத்தொன்பதாம் நாள்."

ரொவீனாவின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. "ஆமாம் மயெஸ்ட்ரோ, விட்டிருப்..."

"விடலை" என்றாள் பெர்லித்தா எழுந்து நின்று. மேடையேறி ரொவீனா கையில் போனைக் கொடுத்தாள். "நீயே பாரு. இருபத்தொன்பது."

படத்தில் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி எரிந்தது. புயல் நாள். கணுக்கால்வரை தண்ணீர் நிற்கும் சமையலறையில், நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் கல்லுடன் ரொவீனா. கடிகாரம் ஐந்தேமுக்கால். அந்தத் தண்ணீரின் சில்லிப்பு அவளுக்கு இப்போது பாதத்தில் ஞாபகம் வந்தது. எவனோ சொன்னான் என்று அதைக்கூட இல்லையென்று சொல்லப் போனோமே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் விடலை" என்றாள். "மயெஸ்ட்ரோ, நான் ஒரு நாளும் விடலை."

மயெஸ்ட்ரோ கனிவாகச் சிரித்தார். "கை பிடிச்சிருக்கும்மா. மனசு பிடிக்கலையே! போட்டோவுல மனசு விழுமா?"

கூட்டம் கைதட்டியது! இரண்டு கண்ணாடி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆதாரத்தைக் கண்ணெதிரே காட்டினாலும் அழகாகப் பேசுகிறவனுக்குத்தான் கைதட்டு விழும் என்பது அந்த மண்டபத்துக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

பெர்லித்தா பையிலிருந்து மூன்று கல்லை எடுத்து மேடையில் வைத்தாள். "ரொம்பச் சரி மயெஸ்ட்ரோ. இந்த மூணையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

வாடிக்கை என்றால் மயெஸ்ட்ரோவுக்குக் களைப்பு வராது. குண்டு சுற்றியது. "இது பரவாயில்லை, ஒரே நாள், பதினேழு. இது மூணு நாள். இது... ஐயோ! இதை வெச்சிருந்தவர் சுத்தச் சோம்பேறி. ஆறு நாள்! கல்லு அழுவுது."

"அழத்தான் செய்யும். பொறந்து முக்கால் மணி நேரம்தான் ஆகுது" என்றாள் பெர்லித்தா. பையிலிருந்து ரசீதை எடுத்து மைக்கில் படித்தாள். "இன்னைய தேதி, காலை பத்து அம்பது. கவனக் கல் மூணு. உங்க வாசல் மேசையிலதான் வாங்கினேன். இன்னும் ஒருத்தரும் கையில பிடிக்கலை. நாற்பத்தஞ்சு நாள்ல ஆறு நாளை எப்படி மயெஸ்ட்ரோ விட்டுச்சு?"

மயெஸ்ட்ரோ கையில் குண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை.

"பதினேழா?" பின்வரிசையில் குளிர்பெட்டிச் சாவிக்காரர் எழுந்தார். "எனக்கும் பதினேழுதானே சொன்னீங்க?"

"எனக்கும் பதினேழு!" என்றாள் டீச்சர். "ரெண்டு தடவை!"

ஆளுக்கு ஆள் பதினேழு. எண்ணை மாற்றிச் சொல்லக்கூட அந்த மகான் பாதி நேரம் மெனக்கெடவில்லை. கேட்கிறவர்கள் மறந்துவிடுவார்கள், அல்லது தங்களையே சந்தேகப்படுவார்கள். அவர் விற்றது கல்லை அல்ல. "நீ எதையும் உருப்படியாகச் செய்ய மாட்டாய்" என்று பிறந்ததுமுதல் கேட்ட அதே வசவைத்தான், பாலிஷ் போட்டு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு விற்றார்.

நாற்காலிகள் தள்ளப்பட்டன. மயெஸ்ட்ரோ மைக்கை வாங்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். "அன்பர்களே, பணம் பெரிசில்லை! திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரசீதோட இங்க வாங்க. ஒரு பெசோ குறையாம திருப்பித் தரேன்."

கூட்டம் சட்டென்று தணிந்தது. ரொவீனா அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சின்ன நிம்மதி. அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த அறுபது பேரில் திங்கட்கிழமையை நினைவு வைத்து, ரசீதைத் தேடி எடுத்து, நேரத்துக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்? நாலு பேர் வந்தால் அதிசயம். ஆசாமிக்கு அவர்கள் வியாதி அவர்கள் டாக்டரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"யாரும் போகாதீங்க! எல்லாரும் போனை எடுங்க. திங்கள், காலை எட்டு மணி. இப்பவே அலாரம் வைங்க. வீட்டுக்குப் போய் வெச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, நம்மளால ஆகாது. ரசீது இருக்கா? அதைப் போட்டோ எடுங்க. பக்கத்துல இருக்கறவர் நம்பரை வாங்கிக்குங்க. திங்கக்கிழமை எந்திரிச்சதும் நீங்க அவரைக் கூப்பிடணும், அவர் உங்களைக் கூப்பிடணும். தனியா யாரும் வராதீங்க!"

அறுபது போன்கள் வெளியே வந்தன. ஐம்பத்தெட்டுதான், இரண்டு பேர் போனை ஜீப்னியில் விட்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களின் எண்ணைத் தங்கள் கையில் எழுதிக்கொண்டார்கள். மயெஸ்ட்ரோவின் உதட்டு நிம்மதி காணாமல் போனது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு யாரும் வரவில்லை. மயெஸ்ட்ரோ பதாகையைச் சுருட்டிக்கொண்டு, சீட்டியடித்தபடி ஏறக்கட்டினார். பத்தேமுக்காலுக்கு ஐம்பத்தொரு பேர், ஜோடி ஜோடியாக, ரசீதோடு மாடியேறி வந்தார்கள். அவர் இறங்கும் படிக்கட்டிலேயே.

ரொவீனா அன்று மதியம் டாக்டரிடம் போனாள், திட்டும் வாங்கினாள், மாத்திரைச் சீட்டும் வாங்கினாள். பள்ளிக்கூட வரைபடத்தை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தாள். சலோங்கா முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பெர்லித்தா இன்றும் எதிரே உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள், அதற்கு இப்போது நன்றி கிடைக்கிறது.

மயெஸ்ட்ரோ வேறு ஊரில் வேறு பேரில் வேறு கல் விற்கிறாராம். வாங்குகிறவர்களுக்கு மறதி வியாதி எதுவும் இல்லையாம், நல்ல ஞாபகசக்திக்காரர்களாம். சாவியை மறப்பவனுக்கு டாக்டர் மாத்திரை தருவார். "எப்படித் தெரியும்?" என்று கேட்க மறப்பவனுக்கு எந்த டாக்டரிடம் மாத்திரை இருக்கிறது?