அப்பாவின் கோட்டு விஷயமாக

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் என் மூட்டுவலியும் இங்கே ஒற்றுமையாக இருக்கிறோம். நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி விஷயம்.

நேற்று அந்த ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போனேன். பெயர்தான் பெரிது. இரண்டு அறை, ஒரு மின்விசிறி, அதுவும் சுற்றவில்லை. நீ அனுப்பிவைத்த அப்பாவின் கோட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சண்டைக்குப் போன மனுஷர் திரும்பவில்லை, உடம்பும் வரவில்லை, கோட்டு மட்டும்தான் வீடு வந்தது. அப்போது கைக்குழந்தையாக இருந்த எனக்கு அப்பா என்றாலே அதுதான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் போய் நின்றால், அக்கா, உள்ளே தொங்குவது என் கோட்டு! ஆயுசு முழுக்க ஓட்டல் வாசலில் நின்று கதவு திறந்துவிட்டேனே, அந்தக் கோட்டு! பொத்தானில் ஓட்டலின் சாவிச் சின்னம் பளிச்சென்று இருக்கிறது. அதற்குக் கீழே, 'எல்லையைப் பூட்டிக் காக்கும் உறுதியின் அடையாளம்' என்று எழுதிப்போட்டிருக்கிறார்கள். தோளில் இருக்கும் கறை போர்க்களத்தின் சாட்சியாம். ஒரு விருந்தாளியின் குழந்தை வாந்தி எடுத்த கறை அது. நான் அதைப் படித்துக்கொண்டு நிற்கும்போதே யாரோ ஒருத்தர் வந்து அதற்கு விறைப்பாக சல்யூட் அடித்தார். அந்தக் கோட்டுக்குள் நான் இருந்தவரைக்கும் அதை ஒரு பயல் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

காப்பாளர் வேறு, "உங்கப்பாவா சார்? ரொம்பக் கம்பீரமா இருந்திருப்பாரு" என்றார். "இருந்திருப்பாரு" என்றேன்.

இரண்டும் காக்கி, இரண்டுக்கும் பித்தளைப் பொத்தான், இரண்டும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தன, எல்லாம் சரி. அதற்காக மூக்குக்கண்ணாடி போடாமலா எடுத்து அனுப்புவது? அப்படியானால் 'தம்பியோட பழசு' என்று பழைய துணிக்காரரிடம் நீ தூக்கிப் போட்டது எது? அப்பா இப்போது எந்தப் பட்டறையில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருக்கிறாரோ.

நாளைக் காலையில் போய் உண்மையைச் சொல்லி, பெட்டியைக் காலி செய்யச் சொல்லப்போகிறேன். நீ உடனே துணிக்காரரைப் பிடி. காலில் விழுந்தாவது கேள். அப்பா கிடைக்கும்வரை நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

அத்தானுக்கு வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். உனக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
கதவு திறந்துவிட்ட உன் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் அங்கே போய்விட்டு வந்துவிட்டேன். பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவராம். கண்ணாடியைத் தடவித் தடவி அழுதார். "அன்னிக்குக் குளிர்லயே நான் செத்திருப்பேன் தம்பி. இந்தக் கோட்டைக் கழட்டி எனக்குப் போத்திவிட்டுட்டு, வெறும் சட்டையோட வெளிய போனாரு. அப்புறம் வரவே இல்ல. நான்தான் இதை உங்க வீட்டுக்கு அனுப்பினேன்" என்றார். "நல்லாப் பாருங்கய்யா, இதேதானா?" என்றேன். "இதை நான் மறப்பேனா?" என்றார். அப்பாவைப் பற்றி இந்த வயதில் எனக்குக் கிடைத்த முதல் சேதி இது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். காப்பாளரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ துணிக்காரரைத் தேட வேண்டாம், என்னோடு பேசு. ஒருவேளை அந்தக் கோட்டு தானாகவே திரும்பி வந்தால், தம்பியுடையது என்றே சொல்லி எனக்கு அனுப்பிவை. போட்டுக்கொள்கிறேன்.